கேட்க ஆள் வராத கேள்விகள்

2010 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்திலிருந்து 9 பேர் பாராளுமன்றம் போனார்கள். 2015 இல் 7 பேர். 2024 இல் 6 பேர். கிளிநொச்சியையும் உள்ளடக்கிய இந்த மாவட்டம் 14 ஆண்டுகளுக்குள் தன் ஆசனங்களில் மூன்றில் ஒரு பங்கை இழந்துவிட்டது. ஒரு மாவட்டத்துக்கு எத்தனை ஆசனம் என்பது பெரும்பாலும் வாக்காளர் இடாப்பில் எத்தனை பெயர் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அந்த இடாப்பு பல காலமாக ஒரு சாதாரணத் தாளிலிருந்தே உருவாகி வந்தது. ஜி.எஸ். எனப்படும் கிராம அலுவலர் வீடு வீடாகக் கொடுத்துவிட்டுப் போன பி.சி. படிவம்தான் அது. வீட்டுத் தலைவர் அதைத் தானே நிரப்பி, கையெழுத்து வைத்துத் திருப்பிக் கொடுக்கவேண்டியிருந்தது. இறந்தவர்களின் பெயர்களும் வெளிநாட்டில் குடியேறியவர்களின் பெயர்களும் நீக்கப்பட்டதே ஆசனக் குறைவுக்குப் பெரிய காரணம் என்பது உண்மை. ஆனால் ஊரில் உயிரோடு இருந்தும் படிவம் நிரப்பாத வீடும் அந்தக் கணக்கில் ஆளில்லாத வீடாக விழக்கூடியதாக இருந்தது. ஒரு தாளை நிரப்புவதும் நிரப்பாமல் விடுவதும் எவ்வளவு தூரம் போய்த் தாக்கும் என்பதற்கு இதைவிடக் கிட்டிய உதாரணம் எங்களுக்கு இல்லை.

சமூக ஆய்வு என்றால் கொப்பியும் பேனையுமாக ஒருவர் விறாந்தையில் வந்திருந்து கேட்பது என்றுதான் நாங்கள் பழகியிருக்கிறோம். அந்த ஆளை விட்டுவிட்டு வினாக்கொத்தை மட்டும் அனுப்பி, கிடைத்தவரே நிரப்பித் தரும்படி கேட்கும் முறை இப்போது உலகெங்கும் பரவுகிறது. 2002 இலிருந்து பெரும்பாலும் நேருக்கு நேர் பேட்டியாகவே நடந்துவந்த ஐரோப்பிய சமூக ஆய்வு, 2027 ஆம் ஆண்டுச் சுற்றில் முழுவதும் தாமே நிரப்பும் முறைக்கு மாறத் திட்டமிட்டிருக்கிறது. இந்தியாவின் 2027 குடிசன மதிப்பீட்டிலும் விரும்பியவர்கள் இணையத்தில் தாங்களே விபரம் பதியலாம் என்று அறிவித்திருக்கிறார்கள். செலவு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், கதவு திறக்கிறவர்களும் போன் எடுக்கிறவர்களும் குறைந்துபோனது. அமெரிக்காவில் பியூ ஆய்வு மையத்தின் தொலைபேசி ஆய்வுகளுக்கு 1997 இல் 36 சதவீதமானவர்கள் பதில் சொன்னார்கள். 2018 இல் 6 சதவீதம்தான். பிரித்தானியாவின் தொழிற்படை ஆய்வுக்குக் கிடைத்த பதில் 2023 இல் 17 சதவீதமளவுக்கு இறங்கியபோது, அந்நாட்டுப் புள்ளிவிபர அலுவலகம் வேலையில்லாதோர் பற்றிய வழமையான மதிப்பீட்டை வெளியிடுவதையே சிறிது காலம் நிறுத்திவைத்தது.

யாழ்ப்பாணத்தில் இந்த மாற்றம் இன்னொரு வழியால் வந்திருக்கிறது. பல்கலைக்கழக மாணவர் ஒருவர் ஆய்வுக் கட்டுரைக்காக ஒரு கூகிள் படிவம் செய்து, அதை வட்ஸ்அப் குழுக்களில் போடுகிறார். குழுவில் உள்ளவர்கள் தம் குழுக்களுக்கு அனுப்புகிறார்கள். இரண்டு கிழமையில் முந்நூறு நானூறு பதில் சேர்ந்துவிடுகிறது. கணக்குப் பார்த்து, படம் கீறி, முடிவு எழுதியாகிவிடுகிறது. அந்த மாணவர்களின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த நானூறு பேர் யாருக்காகப் பேசுகிறார்கள் என்று கேட்டால் பதில் இல்லை. நெடுந்தீவில் சிக்னல் தேடி நடக்கும் மீனவரும், மருதங்கேணியில் தனியே இருக்கும் அம்மாவும் அந்தக் குழுக்களில் இல்லை.

பதில்கள் நிறைய வந்தால் போதும் என்ற நம்பிக்கை 1936 இலேயே அமெரிக்காவில் பெரிய அடி வாங்கியது. லிட்டரரி டைஜஸ்ட் என்ற சஞ்சிகை ஜனாதிபதித் தேர்தலுக்கு முன் சுமார் 1 கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கு மேல் திரும்பி வந்தன. அவற்றை எண்ணி, லாண்டன் வெல்வார் என்றது. வென்றவர் ரூஸ்வெல்ட், அதுவும் 60 சதவீதத்துக்கு மேல் வாக்கு எடுத்து. பெயர்கள் எடுக்கப்பட்ட பட்டியலில் வசதியுள்ளவர்கள் கூடுதலாக இருந்தது ஒரு பிழை. சீட்டைத் திருப்பி அனுப்ப மினக்கெட்டவர்களில் ரூஸ்வெல்ட்டைப் பிடிக்காதவர்கள் கூடுதலாக இருந்தது இரண்டாவது பிழை. இருபது லட்சம் என்ற தொகை இரண்டில் ஒன்றையும் திருத்தவில்லை.

இதன் கணக்கு எளிது. ஓர் உதாரணத்துக்கு, ஒரு கிராமத்தில் நூறு பேரிடம் மனச்சோர்வு பற்றிய தாளைக் கொடுக்கிறோம். 60 பேர் நிரப்புகிறார்கள், 40 பேர் நிரப்பவில்லை. நிரப்பியவர்களில் 10 சதவீதமானோருக்கு மனச்சோர்வு இருக்கிறது. நிரப்பாதவர்களிடம் அது 30 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். எழுந்து ஒரு தாளை எடுத்து வாசிக்கவே மனம் வராத நிலைதான் அந்த நோய். கிராமத்தின் உண்மை நிலை 18 சதவீதம், எங்கள் அறிக்கை சொல்வது 10. பதில் தராதோரின் பங்கை, தந்தோருக்கும் தராதோருக்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்கினால் வரும் 8 தான் எங்கள் பிழையின் அளவு. நிரப்பாதவர்களும் நிரப்பியவர்களைப் போன்றவர்களே என்றால், பாதிப்பேர் விடுபட்டாலும் பாதகமில்லை. விடுபட்டவர்கள் வேறுவகையான ஆட்கள் என்றால், 80 சதவீதப் பதில் கிடைத்தாலும் ஏமாறலாம். ஆகவே பங்குபற்றலைக் கூட்டுவது என்றால், வழமையாக விடுபடுகிற ஆட்களைக் கொண்டுவருவது என்றே பொருள்கொள்ள வேண்டும். வழமையாக நிரப்புகிறவர்களில் இன்னும் கொஞ்சப் பேரைச் சேர்த்தால் எண்ணிக்கை உயரும், பிழை அப்படியே இருக்கும்.

யாழ்ப்பாணத்தில் விடுபடுகிறவர்கள் ஏன் விடுபடுகிறார்கள்? சோம்பல், நேரமின்மை, ஆர்வமின்மை எல்லாம் எங்கும் உள்ளவை. இங்கே அவற்றோடு பட்டியல் பற்றிய பயமும் இருக்கிறது. 1871 இலிருந்து ஏறக்குறையப் பத்தாண்டுக்கு ஒருமுறை குடிசன மதிப்பு எடுத்துவந்த தீவில், 1991 இல் யுத்தத்தால் எடுக்கவே இல்லை. 2001 இல் 18 மாவட்டங்களில் மட்டுமே அது முழுமையாக நடந்தது. யாழ்ப்பாணம் அதற்குள் இல்லை. 1981 க்குப் பிறகு முழுமையான கணக்கு 2012 இல்தான் கிடைத்தது. இன்றைய மாவட்ட எல்லைக்குள் 1981 இல் 7 லட்சத்து 30 ஆயிரத்துக்கு மேல் இருந்த சனம் 2012 இல் 5 லட்சத்து 83 ஆயிரத்துச் சொச்சம். இந்த 31 ஆண்டுகளில் எங்கள் ஆட்களை எண்ணிப் பதிந்தவர்கள் புள்ளிவிபரத் திணைக்களத்தார் அல்லர். முகாம்களும் சோதனைச்சாவடிகளும் எண்ணின, நிவாரண அட்டைக்காக எண்ணினார்கள், சுற்றிவளைப்பில் எண்ணினார்கள். யுத்தம் முடிந்த பிறகும், 2011 இல் யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் இராணுவம் வீடு வீடாகப் போய்க் குடும்ப விபரம் பதிந்தது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் பாராளுமன்ற உறுப்பினர்கள் அதற்கு எதிராக உயர் நீதிமன்றம் போனார்கள். பதிவை நிறுத்துவதாகச் சட்டமா அதிபர் தரப்பு மன்றில் உறுதி கொடுத்தது.

இப்படி ஒரு காலத்தைக் கடந்து வந்தவர் கையில் முன்பின் தெரியாத ஒரு வினாக்கொத்து வந்தால், முதற் பக்கத்தை வாசிக்க முன்னமே இரண்டு கேள்வி எழும். “எங்கட விபரம் உங்களுக்கு எப்பிடிக் கிடைச்சது?” “இதால எங்களுக்கு ஏதும் கிடைக்குமோ?” முதலாவது பயத்தில் வருவது, இரண்டாவது நிவாரணப் பழக்கத்தில் வருவது. இரண்டும் பதிலைக் கெடுக்கும். பயந்தவர் நிரப்பாமல் விடுவார், அல்லது ஆபத்தில்லாத பதிலை எழுதுவார். உதவி எதிர்பார்ப்பவர் மோட்டார் சைக்கிளையும் வெளிநாட்டுக் காசையும் எழுதாமல் விடுவார். 2023 இல் அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவு தொடங்கியபோது எந்த வீட்டில் என்ன இருக்கிறது என்ற விபரமே கொடுப்பனவைத் தீர்மானித்தது. அதை நேரில் கண்ட ஒரு சமூகம், அடுத்து வரும் எந்த வினாக்கொத்தையும் அதே கண்ணோடுதான் பார்க்கும்.

ஆள் வந்து கேட்டால் இந்தச் சிக்கல் தீருமா? பதில் கிடைக்கும் வீதம் நிச்சயமாகக் கூடும். யுத்தம் முடிந்த கையோடு, 2009 யூலை முதல் செப்டெம்பர் வரை யாழ் மாவட்டத்தில் 1,517 வீடுகளைத் தெரிவுசெய்து உளநலம் பற்றி ஓர் ஆய்வு நடந்தது. 2011 இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது. 92 சதவீதம் பேர் பதிலளித்தார்கள். 7 சதவீதத்தினரிடம் மனவடுவுக்குப் பிந்திய நெருக்கீட்டின் அறிகுறிகளும், 22 சதவீதத்தினரிடம் மனச்சோர்வும், ஏறக்குறைய 33 சதவீதத்தினரிடம் பதகளிப்பும் தெரியவந்தன. அந்த நேரத்தில் அந்தத் தகவல் மிக அவசியமாக இருந்தது. நேரில் போகாமல் அது கிடைத்திராது. ஆனாலும் உயர்ந்த பதில் வீதத்தைக் கண்டவுடன் மகிழ்ந்துவிட எனக்கு மனமில்லை. மறுத்தால் என்ன ஆகுமோ என்று யோசிக்கும் ஊரில் எல்லோரும் ‘ஓம்’ சொல்வது விருப்பத்தை மட்டும் காட்டாது.

நேரில் கேட்பதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அதை எங்கள் வீட்டு அமைப்பே உண்டாக்குகிறது. படலை திறந்திருக்கும். விறாந்தையில் மூன்று கதிரை. வந்த பிள்ளைக்கு மாமி தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டு, மருமகளுக்குப் பக்கத்துக் கதிரையில் தானும் இருப்பார். பக்கத்து வீட்டுக்காரி, “ஆர் வந்திருக்கினம்?” என்று வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பார். அந்த இடத்தில் மருமகளிடம், “கடந்த இரண்டு கிழமையில் உங்களுக்கு அழவேண்டும் போல் இருந்ததா?” என்று கேட்டால் அவர் என்ன சொல்லமுடியும்? கணவர் குடிப்பாரா, அடித்தாரா என்ற கேள்விகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வந்த பிள்ளை எவ்வளவு பயிற்சி பெற்றவர் என்றாலும் மாமியை எழுப்பி உள்ளே அனுப்புவது இலேசில்லை.

மறைவாகப் பதில் சொல்ல வழியிருந்தால் உண்மை கூடுதலாக வரும் என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. 1995 இல் அமெரிக்காவில் 15 முதல் 19 வயதுப் பையன்களிடம் நடந்த ஓர் ஆய்வில், எழுமாற்றாகச் சிலருக்குக் கடதாசி வினாக்கொத்தும் சிலருக்குக் கணினியும் கொடுத்தார்கள். கணினி முறையில் கேள்வி காதில் கேட்கும், அறையில் வேறு எவருக்கும் கேட்காது. ஆணோடு பாலுறவு கொண்டதாகக் கடதாசியில் சொன்னவர்கள் 1.5 சதவீதம், கணினியில் சொன்னவர்கள் 5.5 சதவீதம். உலக சுகாதார நிறுவனம் பெண்கள் மீதான வன்முறை பற்றிப் பல நாடுகளில் நடத்தி 2005 இல் வெளியிட்ட ஆய்வில் இதைவிட எளிய ஒரு வழியைக் கையாண்டார்கள். சிறுவயதில் பாலியல் துன்புறுத்தல் நடந்ததா என்று வாயால் கேட்டதோடு, பேட்டி முடியும் தறுவாயில் ஓர் அட்டையையும் கையில் கொடுத்தார்கள். அதில் ஒரு சிரித்த முகம், ஓர் அழுத முகம். நடந்தது என்றால் அழுத முகத்தில் அடையாளம் இட்டு, மூடிய உறைக்குள் வைத்துக் கொடுக்கலாம், கேட்டவருக்குக்கூடத் தெரியாது. பெரும்பாலான இடங்களில், வாயால் சொன்னவர்களைவிட அட்டையில் சொன்னவர்கள் கூட. எழுதப் படிக்கத் தெரியாதவரும் இதைச் செய்யலாம். எங்கள் விறாந்தைக்கு இதைப்போலப் பொருந்துகிற உத்தி வேறொன்றை நான் காணவில்லை.

இலங்கையிலேயே தாமே நிரப்பும் முறை நன்றாக நடக்கிற ஓர் இடம் பள்ளிக்கூடம். பாடசாலை மாணவர் உடல்நலம் பற்றி உலகளாவிய முறையில் நடத்தப்படும் ஆய்வு 2016 இல் இங்கே தரம் 8 முதல் 12 வரையான 3,262 மாணவரிடம் நடந்தது. மொத்தப் பதில் வீதம் 89. புகைத்தல், மதுபானம், தற்கொலை எண்ணம் எல்லாம் அதில் கேட்கப்பட்டன. பெயர் எழுதத் தேவையில்லை. விடைத்தாளில் வட்டத்தை நிறந்தீட்டினால் போதும். ஒரு பாடநேரம், ஒரு வகுப்பறை, எல்லோர் கையிலும் ஒரே தாள். தான் மட்டும் குறிவைக்கப்படவில்லை என்ற நிம்மதி பிள்ளைக்கு இருக்கிறது. அந்த நிம்மதியை வீட்டுக்குப் போகும் தாளிலும் உண்டாக்குவதுதான் கடினம்.

பேட்டி எடுப்பவர் செய்யும் வேலைகளை ஒருமுறை எண்ணிப் பார்க்கவேண்டும். தான் ஆர் என்று சொல்கிறார். வீட்டில் யாரிடம் கேட்பது என்று தெரிவுசெய்கிறார். விளங்காத கேள்வியை விளக்குகிறார். தயங்கினால் தெம்பு சொல்கிறார். ஆள் இல்லையென்றால் பின்னேரம் திரும்பி வருகிறார். அவரை நீக்கினால் இத்தனை வேலையும் கடதாசியின் தலையில் விழுகிறது. எந்தக் கடதாசி இதை நன்றாகச் செய்யும் என்று தேடிய பெரிய தொகுப்பு ஒன்று 2002 இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வந்தது. பிலிப் எட்வர்ட்ஸும் கூட்டாளிகளும் 292 பரிசோதனைகளைச் சேர்த்து ஆராய்ந்தார்கள். அவற்றில் பங்குபற்றியவர்கள் 2 லட்சத்து 58 ஆயிரம் பேர். காசு கொடுத்தால் பதில் வரும் சாதகம் 2 மடங்கு. வினாக்கொத்து சிறிதாக இருந்தால் 1.86 மடங்கு. முன்கூட்டி அறிவித்தால் 1.54, நினைவூட்டினால் 1.41, பல்கலைக்கழகத்தின் பெயரில் வந்தால் 1.31, திருப்பி அனுப்பும் உறையில் முத்திரை ஒட்டிக் கொடுத்தால் 1.26, பெயர் சொல்லி எழுதினால் 1.16. மடங்கு என்பதைச் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும். நூற்றுக்கு 40 பேர் பதில் தரும் இடத்தில் சாதகம் 40 க்கு 60. அதை இருமடங்காக்கினால் 80 க்கு 60, அதாவது நூற்றுக்கு 57 பேர். நாற்பது எண்பதாகிவிடாது.

இந்தப் பட்டியலை அப்படியே இறக்குமதி செய்தால் யாழ்ப்பாணத்தில் சில இடங்களில் வழுக்கும். எட்வர்ட்ஸ் தொகுப்பில் பதிவுத் தபாலுக்கு 2.21 மடங்கு சாதகம். எங்கள் ஊரில் பதிவுத் தபால் என்றால் வங்கி, நீதிமன்றம், காணி வழக்கு. கையெழுத்து வாங்கி ஓர் உறையைக் கொடுத்தால், திறக்க முன்னமே நெஞ்சு படபடக்கும். முன்கூட்டியே காசு வைப்பதும் அப்படித்தான். வாக்குறுதி கொடுப்பதைவிட முதலிலேயே கொடுத்துவிடுவது நல்ல பலன் தருகிறது என்று அதே தொகுப்பு சொல்கிறது. ஆனால் அறியாத ஒருவர் வீட்டுக்குக் காசு அனுப்பினால், ‘ஏன் அனுப்புறாங்கள்?’ என்ற கேள்வி எங்கள் ஆட்களுக்கு முதலில் வரும், நன்றியுணர்வு அதற்குப் பிறகுதான். காசை வாங்கிவிட்டோம், இனி அவர்கள் விரும்புகிறதை எழுதவேண்டும் என்று நினைக்கும் ஏழை வீடும் இருக்கும். நிரப்புவதற்கு ஒரு நல்ல பேனை, திருப்பி அனுப்ப முத்திரை ஒட்டிய உறை, இவை போதும் என்பது என் எண்ணம். பேனையை வீட்டில் வைத்துக்கொள்ளலாம், அதற்கு எவரும் விளக்கம் தேடமாட்டார்கள்.

ரொபேர்ட் குரோவ்ஸ், எலினர் சிங்கர், ஏமி கோர்னிங் ஆகியோர் 2000 இல் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார்கள். ஒவ்வொருவர் மனதிலும் ஒரு தராசு இருக்கிறது. ஆய்வு எதைப் பற்றியது, யார் கேட்கிறார்கள், எவ்வளவு நேரம் போகும், என்ன கிடைக்கும் என்று ஒவ்வொன்றும் ஒரு பக்கத்தில் விழும் படிக்கல்; ஆனால் ஒரே கல் ஒருவருக்கு நூறு கிராம், இன்னொருவருக்கு ஒரு கிலோ. ஓய்வுபெற்ற ஆசிரியருக்குப் பல்கலைக்கழகத்தின் பெயர் பாரமானது. கூலி வேலைக்குப் போகிறவருக்கு நேரம் பாரமானது. காணாமலாக்கப்பட்ட மகனைத் தேடும் தாய்க்கு, கேட்பவர் யார், இந்தத் தாள் எங்கே போகும் என்பதைத் தவிர வேறெதுவும் பாரமில்லை. எல்லோருக்கும் ஒரே முகவுரைக் கடிதம் அனுப்பும் ஆய்வு, ஒரே வகை மனிதரை மட்டுமே தன்பக்கம் சாய்க்கும்.

யாழ்ப்பாணத்தில் மிகப் பாரமான கல் ‘பெயர் வெளியே போகாது’ என்ற நம்பிக்கை. இதற்கு டான் டில்மன் 1978 இலிருந்து வளர்த்தெடுத்த அஞ்சல் ஆய்வு மரபில் அருமையான ஒரு வழி உண்டு. பதில் தராதவருக்கு மட்டும் நினைவூட்டல் அனுப்பவேண்டும் என்றால், யார் தந்தார் என்று தெரியவேண்டும். அதற்காக வினாக்கொத்தின் மூலையில் ஓர் இலக்கம் போடுவார்கள். அந்த இலக்கத்தை எங்கள் ஆட்கள் உடனே காண்பார்கள், சிலர் கிழித்துவிட்டு அனுப்புவார்கள், பலர் அனுப்பாமலே விடுவார்கள். அதற்குப் பதிலாக இரண்டு பொருளைக் கொடுக்கலாம். ஒன்று, பெயரும் இலக்கமும் இல்லாத வினாக்கொத்தும் அதற்கான உறையும். மற்றது, ‘நான் நிரப்பி அனுப்பிவிட்டேன், இனி நினைவூட்ட வேண்டாம்’ என்று அச்சிட்ட ஒரு தபாலட்டை. அதில் வீட்டு விலாசம் இருக்கும். இரண்டையும் வெவ்வேறாகத் தபாலில் போடவேண்டும், வேண்டுமானால் வெவ்வேறு நாளில். யார் அனுப்பினார் என்பது ஆய்வாளருக்குத் தெரியும், எந்தத் தாள் யாருடையது என்பது அவருக்கே தெரியாது. இரகசியம் காப்போம் என்று பத்து வரி எழுதுவதைவிட இதைக் கையில் கொடுத்துக் காட்டுவது பலம். இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதையும் கடிதத்தில் சொல்லலாம். ஆனால் சட்டங்கள் இருந்த காலத்திலும் என்ன நடந்தது என்று கண்டவர்கள் அட்டையைத்தான் நம்புவார்கள்.

யார் கையால் தாள் வீட்டுக்குப் போகவேண்டும்? கொடுத்துவிட்டுப் போய்ச் சில நாளில் வந்து எடுக்கும் முறை தபாலைவிடக் கூடுதல் பதில் தருகிறது என்பது பல நாடுகளில் கண்ட அனுபவம். யாழ் மாவட்டத்தில் 15 பிரதேச செயலகப் பிரிவுகளும் 435 கிராம அலுவலர் பிரிவுகளும் உள்ளன, ஜி.எஸ். மூலம் கொடுத்தால் ஒரு கிழமையில் எல்லா வீட்டுக்கும் போய்விடும். ஆனால் ஜி.எஸ். தந்த தாள் அரசாங்கத் தாள், குடும்ப அட்டையோடும் கொடுப்பனவோடும் சேர்த்து எண்ணப்படும் தாள். பிள்ளைகளின் புத்தகப் பையில் அனுப்பினால் படிக்கும் பிள்ளை இல்லாத வீடு விடுபடும், அதாவது முதியவர் தனித்திருக்கும் வீடு. ஊருக்கு ஊர் இருக்கும் சனசமூக நிலையத்தில், அதாவது வாசிகசாலையில், பூட்டிய பெட்டி வைத்துச் சேர்க்கலாம் என்று பலர் சொல்வார்கள். எனக்கும் வாசிகசாலை மீது பெரிய மதிப்பு உண்டு. ஆனால் ஒரே ஊரில் இரண்டு வாசிகசாலை ஏன் இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். ஒன்றில் மட்டும் பெட்டி வைத்தால், சாதியால் ஒதுக்கப்பட்ட குடியிருப்பின் பதில் அந்தப் பெட்டிக்குள் வராது. அந்தக் குடியிருப்பின் கிணறும் வேலையும் வருத்தமும் அறிக்கையில் இல்லாமற் போகும். பெட்டி வைப்பதென்றால் இரண்டிலும் வைக்கவேண்டும், அல்லது தபாற் கந்தோரில் வைக்கவேண்டும். தபாற்காரர் எல்லா ஒழுங்கைக்கும் சைக்கிளில் போகிறவர், எவரிடமும் பக்கம் சாராதவர் என்று பெரும்பாலும் நம்பப்படுகிறவர்.

பூட்டிய வீடுகள் இன்னொரு கணக்குச் சிக்கல். சொந்தக்காரர் கனடாவிலோ லண்டனிலோ இருக்க, முற்றத்தைக் கூட்ட மட்டும் ஆள் வைத்திருக்கும் வீடுகள் எங்கள் ஒழுங்கைகளில் நிறைய. ஆயிரம் விலாசத்துக்கு அனுப்பி நானூறு பதில் வந்தால் 40 சதவீதம் என்று எழுதத் தோன்றும். அந்த ஆயிரத்தில் இருநூறு வீட்டில் குடியே இல்லை என்றால் சரியான வீதம் 50. பூட்டிய வீட்டையும் மறுத்த வீட்டையும் ஒரே கூடையில் போட்டால், பதில் தராதவர்கள் யார் என்ற கேள்விக்கே விடை கிடைக்காது. அனுப்ப முன் ஒருமுறை ஒழுங்கையால் நடந்து எந்த வீட்டில் விளக்கு எரிகிறது என்று பார்த்துவருவது, வினாக்கொத்தை அழகாக அச்சிடுவதைவிடப் பயன் தரும்.

வீட்டுக்குள் யார் நிரப்புவது என்பதும் கடிதமே தீர்க்கவேண்டியது. ஒன்றும் சொல்லாவிட்டால் வீட்டுத் தலைவர் நிரப்புவார், அல்லது படித்த மகள் நிரப்புவார். 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் அடுத்துப் பிறந்தநாள் வரப்போகிறவர் நிரப்பவேண்டும் என்று கேட்பது உலக வழக்கம். நல்ல முறைதான், ஆனால் பேட்டியாளர் இல்லாதபோது கணிசமான வீடுகளில் பிழையான ஆளே நிரப்பிவிடுகிறார். ஏன் அவர்தான் வேண்டும், ஐயாவே எல்லார் சார்பிலும் எழுதினால் என்ன குறை என்பதை இரண்டு வரியில் நேர்மையாக விளக்கினால் இந்தப் பிழை குறையும் என்று நினைக்கிறேன். எழுத்து பெரிதாக இருக்கவேண்டும். கண்ணாடி போட்டும் சிறு எழுத்து தெரியாதவர்கள்தான் இங்கே பல வீடுகளில் பகலில் இருப்பவர்கள். காலத்தையும் பார்க்கவேண்டும். நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாளில் தாள் மேசையிலேயே கிடக்கும். நவம்பர் கடைசியில், மாவீரர் நாளையொட்டி எல்லோரும் கண்காணிப்பை உணரும் கிழமையில், குடும்ப விபரம் கேட்டு ஒரு தாள் வந்தால் அது அடுப்புக்குள் போகும்.

இவற்றில் எது எவ்வளவு பலன் தரும் என்பதை ஊகத்தில் விடக்கூடாது. பரிசோதித்துப் பார்க்கலாம், செலவும் அதிகமில்லை. 435 பிரிவுகளில் 40 ஐ எழுமாற்றாகத் தெரிவுசெய்து, சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரிக்கவேண்டும். ஒரு பாதிக்கு மூலையில் இலக்கமிட்ட வினாக்கொத்து, மறுபாதிக்குத் தனித் தபாலட்டை முறை. இரண்டிலும் எத்தனை பதில் வந்தது என்று மட்டும் பாராமல், தனித்திருக்கும் முதியவர்கள், கணவனை இழந்த பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள், மீள்குடியேறிய குடியிருப்புகள் ஆகியவற்றிலிருந்து எத்தனை வந்தது என்று பார்க்கவேண்டும். யாழ் பல்கலைக்கழகத்தில் ஆண்டுதோறும் ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் மாணவர்கள் இருக்கிறார்கள்; இந்த வேலைக்கு அவர்களைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை.

ஆய்வு முடிந்ததும் ஒரு பக்கத்தில், தெளிந்த தமிழில், என்ன கண்டோம் என்று அச்சிட்டு, தாள் போன வீடுகளில் பாதிக்கு மட்டும் எழுமாற்றாக அனுப்பவேண்டும். நிரப்பாத வீட்டுக்கும் போகவேண்டும். பரிசோதனை முடிந்ததும் மற்றப் பாதிக்கும் கொடுத்துவிட வேண்டும். இத்தனை ஆண்டில் எங்கள் வீடுகளிலிருந்து விபரம் எடுத்துப்போன எத்தனையோ அமைப்புகளில், என்ன கண்டோம் என்று அதே படலைக்குத் திரும்பி வந்து சொன்னவை மிகக் குறைவு. அடுத்த ஆண்டு அதே வீடுகளுக்கு இரண்டாவது வினாக்கொத்து போகும்போது, முடிவுத்தாள் கிடைத்த வீடுகளும் கிடைக்காத வீடுகளும் எப்படி நடந்துகொள்கின்றன என்று ஒப்பிடலாம். முதல்முறை பேசாமல் இருந்த வீடுகளில் எத்தனை இரண்டாம் முறை உறையை ஒட்டித் தபாலில் போடுகின்றன என்ற அந்த எண்ணிக்கையைத்தான் நான் எல்லாவற்றுக்கும் முதலில் பார்ப்பேன்.